பட்டறைச் சுவரில் ஒரு துளை

(தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பனி சொட்டும் பால்மரங்களுக்கிடையே உழைத்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஓய்வுக்கென இருந்த பிற்பகலை இவ்வுரைக்காக ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். அந்நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே, நேராகப் பொருளுக்கு வருகிறோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு துளை, அவ்வளவுதான். பட்டறையின் உள்ளே இருக்கும் மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லச் சுவரில் போடப்படும் துளை அது. பெரிய இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். இத்துளையைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், மின்சாரமும் மழையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இதுவே. நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. அம்மழையின் ஒரு பங்கு உங்கள் பட்டறைச் சுவரின்மீதும் வழிகின்றது.

தோட்டத்துப் பட்டறை எத்தகையது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடுப்பளவுக்குச் செங்கற்சுவர்; அதற்குமேல் கூரைவரை தகரம். உள்ளே சாணைக்கல், துளையிடும் இயந்திரம், காற்றடிக்கும் இயந்திரம், பற்றவைக்கும் கருவி. வெளியே, தாழ்வாரத்தையொட்டி டிராக்டர் கழுவும் இடம். அங்கே ஒரு விளக்கு வேண்டும். நீர் இறைக்க ஒரு பம்பு வேண்டும். கைக்கருவி ஒன்றைச் செருகி வேலை செய்ய ஒரு பிளக்குத் துளை வேண்டும். இவை யாவும் நியாயமான தேவைகளே. இருட்டில் டிராக்டரின் அடியில் படுத்து வேலை செய்வதைக் காட்டிலும், நல்ல விளக்கொளியில் வேலை செய்வது உடலுக்கும் பாதுகாப்பு, வேலைக்கும் சிறப்பு.

ஆனால், அத்தேவை எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது? நாம் சென்று கண்ட பட்டறைகள் சிலவற்றில் மின்கம்பி சன்னல் வழியே தொங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒன்றில், கதவின் அடியில் கம்பியை நுழைத்து, அக்கதவையும் நாள்தோறும் இழுத்துச் சாத்தி வந்தார்கள். மற்றொன்றில், தகரத்தில் ஆணியால் குத்திப் பெரிதாக்கிய ஓர் ஓட்டையின் வழியே கம்பி வெளிவந்திருந்தது. அவ்வோட்டையின் விளிம்பு உங்கள் பால்வெட்டும் கத்தியைப்போலக் கூர்மையாக இருந்தது. மழைநீர் நுழையாதிருக்கத் துணியைச் சுருட்டி அதில் அடைத்திருந்தார்கள். ‘ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் நேரவில்லை’ என்று பெருமையாகவும் கூறினார்கள். ஒன்றும் நேரவில்லை என்பது உண்மையே. கம்பியின் மேலுறை இன்னும் முழுதாக அறுபடவில்லை என்பதே அதன் பொருள்.

அவ்வுறை அறுபட்டால் என்ன நிகழும் என்பதைச் சற்றே விரிவாகக் காண்போம். ஏனெனில், இன்றைய பேச்சின் உயிர்நாடி இதில்தான் உள்ளது.

செம்புக் கம்பி தகரத்தைத் தொட்டவுடன், அத்தகரச் சுவர் முழுவதிலும் மின்சாரம் பரவி நிற்கும். பார்வைக்கு எவ்வித மாற்றமும் தெரியாது. சுவர் உலர்ந்திருக்கும் நாளில், இரப்பர்ச் செருப்பணிந்த ஒருவர் அதன்மீது கைவைத்தால் சிறு சுரீரெனும் உணர்வோடு தப்பிவிடலாம். ஆனால், மழை பெய்து ஓய்ந்த மாலை வேளையில், வெறுங்காலுடன் ஈர மண்ணில் நிற்கும் சிறுவன் ஒருவன் பந்தை எடுக்க வந்து, அச்சுவரில் கையூன்றினால்? நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கணக்கிட்டுப் பார்த்தால், அச்சிறுவனின் உடல்வழியே 0.23 ஆம்பியர் மின்சாரம் பாயும். இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்துவதற்கு அதுவே மிகையான அளவு.

‘மின்பெட்டியில்தான் பியூஸ் இருக்கிறதே, அது வெட்டிவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். வெட்டாது. பிளக்கினுள் உள்ள பியூஸ் 13 ஆம்பியருக்குரியது; மின்பெட்டியில் உள்ள தானியங்கி விசை பெரும்பாலும் 20 ஆம்பியருக்கோ அதற்கு மேலோ உரியது. கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்காக அவை அமைக்கப்பட்டுள்ளன. கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் ஒரு மனிதனின் உடல்வழியே போவதை அவை பொருட்படுத்தவே மாட்டா. அதனை அறிந்து வெட்டக்கூடிய கருவி வேறொன்று உண்டு. நம்மவர் அதனை இ.எல்.சி.பி. என்று வழங்குவர், இப்போதைய கருவிகளில் ஆர்.சி.டி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று பொறித்திருக்கும். கம்பியில் வெளியே சென்ற மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு கண்டால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு மின்சாரம் தரும் இணைப்பில், 30 மில்லியம்பியர் கசிவுக்கே வெட்டக்கூடிய கருவி இருத்தல் வேண்டும். 30 மில்லியம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு. வெளிப்புறத்தில் பிளக்குத் துளை வைக்க எண்ணுவோர், முதலில் மின்பெட்டியில் இக்கருவி உளதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையெனில், சுவரில் துளையிடும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுதல் நலம்.

இவ்வுரை தொடங்குமுன், டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவர் நம்மை அணுகி, ‘ஐயா, சுவரில் ஓட்டை போடுவதற்குமா சட்டம் உண்டு?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. துளையிடுவது கொத்தனார் வேலை. அதற்குச் சட்டம் இல்லை. அத்துளையின் வழியே மின்கம்பியை இழுத்து இணைப்பது மின்வேலை. அதற்குச் சட்டம் உண்டு. 1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும், அதன்கீழ் 1994-இல் இயற்றப்பட்ட விதிகளும், அவ்வேலையைத் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும் என்கின்றன. மலாய் மொழியில் ‘பெண்டாவாய்’ என்று வழங்கப்படுபவர் இவரே. தீபகற்ப மலேசியாவில் இச்சான்றிதழை வழங்குவது ‘சுருஹான்ஜாயா தெனாகா’ எனப்படும் எரிசக்தி ஆணையம். ஒருவருக்கு மின்வேலை தெரியும் என்பதும், அவரிடம் சான்றிதழ் இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். நிருவாகம் அனுப்பிய ஆளேயானாலும், ‘அண்ணே, உங்கள் சான்றிதழைக் காட்டுங்கள்’ என்று பணிவோடு கேட்பதில் தவறேதும் இல்லை. முறையான வயர்மேன் அதற்காக வருந்தமாட்டார்.

அங்ஙனமாயின், இத்துளையைப் பற்றி நமக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணாதீர்கள். வயர்மேன் ஒரு நாள் வந்து, வேலையை முடித்துச் சென்றுவிடுவார். அச்சுவரின் பக்கத்தில் ஆண்டு முழுவதும் வேலை செய்பவர்கள் நீங்கள். அதன் அருகே விளையாடுபவர்கள் உங்கள் பிள்ளைகள். பெரும்பாலான தோட்டங்களில் துளையிட்டுச் சாந்து பூசும் வேலை தோட்டத்துக் கொத்தனாரிடமே விடப்படுகின்றது. வயர்மேனின் வேலை எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், துளை கெட்டால் யாவும் கெடும். நல்ல துளை எது, கெட்ட துளை எது என்று கண்டறியும் பார்வை உங்களுக்கு இருக்குமானால், கெட்டதைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்த உங்களால் இயலும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு நூலறிவு தேவையில்லை, சுவரையே கேட்கலாம். கூரையிலிருந்து விழும் மழைநீர் தரையில் மோதித் தெறிப்பதால், சுவரின் அடிப்பகுதியில் செம்மண் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் அது முழங்கால் உயரம் இருக்கும். சில இடங்களில் அதற்கும் மேலே இருக்கும். அக்கறையின் மேல்விளிம்பிற்கும் மேலேதான் துளை அமைய வேண்டும். கூரைப் பீலி ஒழுகும் இடத்தின் நேர்கீழும் ஆகாது. தூணையும் விட்டத்தையும் தொடலாகாது. சுவரின் இரு பக்கமும் ஏற்கெனவே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ சுவருக்குள் ஓடுகின்றதா என்று தேடிப் பார்க்க வேண்டும். மற்றொன்று: பழைய தோட்டக் கட்டடங்கள் சிலவற்றில் கல்நார்த் தகடுகள் இருக்கக்கூடும். கல்நாரைத் துளைக்கும்போது பறக்கும் நுண்தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை விளைவிக்கும். சாம்பல் நிறத்தில், சிமெண்டால் செய்ததுபோன்ற பழைய நெளித்தகடு என்றால், அதனைத் தொடாதீர்கள், வேறிடம் பாருங்கள்.

செங்கல், தகரம் இரண்டும் உள்ள சுவராயின், செங்கற்பகுதியைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது நம் கருத்து. தகரத்தில் துளையிடுவது எளிது என்று பலரும் அதையே நாடுகின்றனர். எளிதில் திறக்கும் வழி, எளிதில் கெடும் வழியாகவும் இருக்கின்றது.

இடம் தேர்ந்தபின், மின்சாரத்தை முதன்மை விசையில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. விசையைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘மின்சாரம் இல்லை’ என்று மற்றவர் சொல்வதை நம்பாமல், வயர்மேன் சோதனைக் கருவியால் சோதித்துப் பார்க்க வேண்டும். தோட்டங்களில் இதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. மின்தடை ஏற்படும்போது இயக்குவதற்கென்று மின்னாக்கி இயந்திரம் வைத்திருக்கும் தோட்டங்கள் பல. வெளி மின்சாரம் நின்றுவிட்டது என்ற நம்பிக்கையில் ஒருவர் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேளையில், செய்தி அறியாத மற்றொருவர் அம்மின்னாக்கியை முடுக்கிவிட்டால், செத்துக்கிடந்த கம்பி உயிர்பெற்றுவிடும். ஆதலால், மின்னாக்கிக்குப் பொறுப்பானவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இனித் துளையிடுவோம். தோட்டத்துப் பட்டறைச் சுவர் பெரும்பாலும் ஒற்றைக் கற்சுவர்; பூச்சை விட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 115 மில்லிமீட்டர் தடிப்பு. குழாய் 20 அல்லது 25 மில்லிமீட்டர் விட்டமுடையதாக இருக்கும். 25 மில்லிமீட்டர் குழாய்க்கு 28 முதல் 30 மில்லிமீட்டர் வரை துளை போதும். உளியும் சுத்தியலும் கொண்டு இடிக்கத் தொடங்கினால் துளை கைம்முட்டி நுழையும் அளவுக்குப் போய்விடும். பிறகு அதனைச் சாந்தால் நிரப்ப வேண்டும். அச்சாந்து காலப்போக்கில் விரிசல் விடும். ஆகவே, கல் துளைக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கியேனும் பயன்படுத்துவது நல்லது. முதலில் மெல்லிய துளையொன்றை ஊடுருவப் போட்டு, அதனை வழிகாட்டியாகக் கொண்டு, உட்பக்கத்திலிருந்து பாதியும் வெளிப்பக்கத்திலிருந்து பாதியுமாகப் பெருந்துளையை இட்டால், பூச்சு பெயர்ந்து விழாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது.

துளையைப் பற்றிய செய்திகளுள் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதாயின், இதனை வைத்துக்கொள்ளுங்கள்: துளை வெளிப்பக்கம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நீர் சரிவை நோக்கி ஓடும். துளை உட்பக்கம் சரிந்திருந்தால், எத்தனை களிம்பு பூசினாலும், என்றேனும் ஒரு நாள் நீர் உள்ளே வந்து, மின்பெட்டியின் தலையில் சொட்டும். வெளிப்பக்கம் சரிந்திருந்தால், தவறிப் புகுந்த நீரும் தானாகவே வெளியேறும். இவ்வளவு தடிப்புள்ள சுவருக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் சரிவு போதுமானது. குழாயை நுழைத்து, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி உட்பக்கமாக நகர்ந்து நின்றால் சரிவு சரி. பள்ளிப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை இது. ஆயினும், நாம் கண்ட துளைகளில் இச்சோதனையில் தேறியவை சொற்பமே.

குழாயை வாளால் அறுத்தபின், அதன் வாயில் பிசிறுகள் நிற்கும். அரத்தால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, வழவழப்பான பின்னரே கம்பியை இழுக்க வேண்டும். பிசிறு கம்பியின் மேலுறையைக் கீறிவிடும். அக்கீறல் குழாய்க்குள் மறைந்திருப்பதால் எவர் கண்ணுக்கும் படாது. குழாயின் உள்ளே கம்பிகள் நெருக்கியடித்துக் கிடக்கவும் கூடாது. உள்ளிடத்தில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் கம்பிகள் நிறைந்தால், இழுக்கும்போது உரசிக் கெடும். பின்னர்ச் சூடும் தணியாது. இரண்டு பெட்டிகளுக்கிடையே இரண்டு வளைவுகளுக்கு மேல் வைப்பதும் இத்தகைய தொல்லையைத்தான் தரும்.

குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை இருபுறமும் சாந்தால் நிரப்பிக் காயவிட்டு, வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி சிலிக்கோன் களிம்பை வளையமாகப் பூச வேண்டும். சாந்து மட்டும் ஏன் போதாது என்றால், பி.வி.சி. குழாய் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 3 மீட்டர் நீளமுள்ள குழாயொன்று, வெப்பம் 30 பாகை உயரும்போது, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீள்கின்றது. சாந்தால் நீளவும் இயலாது, சுருங்கவும் இயலாது; ஆகவே விரிசல் விடும். களிம்பு வளைந்து கொடுக்கும். சுவரின்மீது நெடுந்தூரம் குழாயை ஓட்டும்போது, வெயிலுக்கு ஏற்ற குழாயைத் தேர்ந்து, நீள்வதற்கு இடம்தரும் இணைப்பையும் வயர்மேன் அமைப்பார். அங்ஙனம் அமையாத குழாய்கள் வில்லைப்போல் வளைந்து, பிடிகளைப் பிடுங்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

குழாயின் வெளிப்புறத்தை அடைத்தாயிற்று, உட்புறம்? கம்பிகளை இழுத்து முடித்தபின், குழாயின் உள்வாயையும் அடைத்தல் வேண்டும். இதனைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். திறந்த குழாய், எறும்புக்கும் பல்லிக்கும் கட்டிய வீடு. குளவி மண் கொண்டுவந்து அடைத்துவிடும். அன்றியும், பட்டறையின் வெப்பக் காற்று குழாய்க்குள் புகுந்து, மழையால் குளிர்ந்த வெளிப்பெட்டியில் பட்டு, வியர்வைபோல் நீராய்த் துளிர்க்கும். மழையே புகாத பெட்டிக்குள் நீர் எவ்வாறு வந்தது என்று வியப்போர் உளர். அந்நீர் உள்ளிருந்தே வந்தது. இதற்கெனக் கெட்டியாகாத களிம்பு ஒன்று மின்சாதனக் கடைகளில் கிடைக்கின்றது. சாந்தால் அடைத்தால், நாளை கம்பியை மாற்ற இயலாமற்போகும். துணியும் செய்தித்தாளும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அவற்றை வைப்பதைவிட ஒன்றும் வைக்காமலிருப்பதே மேல்.

வெளிச்சுவரில் பொருத்தும் பெட்டியின் மீது ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுடன் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் தூசுக்கு, இரண்டாம் எண் நீருக்கு. 65 என்றிருந்தால் தூசும் புகாது; எத்திசையிலிருந்தும் பீய்ச்சும் நீரும் புகாது. டிராக்டர் கழுவும் இடத்திற்கு அத்தகைய பெட்டி தக்கது. ஆனால், அப்பெட்டியின் மேற்புறத்தில் நாமே ஒரு துளையிட்டுக் குழாயை நுழைத்துவிட்டால், பொறித்த எண்ணுக்குப் பொருளில்லை. சுவரின் துளைக்கு நேராகப் பெட்டியின் முதுகில் நுழைப்பதே சிறந்த முறை. அதற்கு வழியில்லாவிடில், கீழ்ப்புறத்தில் நுழைக்கலாம். மேற்புறம் வேண்டவே வேண்டாம்.

தகரச் சுவரில் துளையிடுவதைத் தவிர வழியே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே கம்பியைத் தனியாக நுழைக்கவே கூடாது. குழாயோடுதான் நுழைக்க வேண்டும். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, வளையமொன்றைப் பொருத்தி, குழாயை இருபுறமும் திருகுமரை கொண்டு அசையாமல் இறுக்க வேண்டும். காற்றடிக்கும்போது தகரம் அதிர்கின்றது. அசையும் குழாயும் கூரிய விளிம்பும் சேர்ந்தால், அறுத்து முடிக்கும்வரை ஓயாது. அவ்வளையத்தை இரப்பரால் செய்வார்கள் என்று சொன்னால், உங்களில் பலர் முகத்தில் புன்னகை தோன்றும் என்பதை அறிவோம். ஆனால், நீங்கள் வெட்டியெடுக்கும் பாலில் செய்யும் இயற்கை இரப்பர், வெயிலில் நாள்பட நின்றால் வெடித்துப்போகும் இயல்புடையது. பழைய சைக்கிள் டயரைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். ஆகவே, வெளிப்புற வேலைக்கு வெயிலைத் தாங்கும் செயற்கை இரப்பர் வளையத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். உண்மையை உள்ளபடி சொல்லுதல் வேண்டுமன்றோ!

இரும்பாலான எதன் வழியாகக் கம்பி சென்றாலும், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே துளையில், ஒரே குழாயில் சேர்ந்தே செல்ல வேண்டும். ஒன்றை ஒரு துளையிலும் மற்றொன்றை அடுத்த துளையிலுமாகப் பிரித்தால், சுற்றியுள்ள இரும்பில் சுழல் மின்னோட்டம் தோன்றி, இரும்பு சூடேறும். சேர்ந்து செல்லும்போது ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடுகின்றது. இரும்புக் குழாயாயின், அதனையும் நிலத்தொடர்பு கொடுத்து இணைக்க வேண்டும். பி.வி.சி. குழாயாயின், அதனுள் நிலத்தொடர்புக்கெனத் தனிக்கம்பி செல்ல வேண்டும். பழைய கம்பிகளில் அது பச்சை நிறம். புதியவற்றில் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடுகள். தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டால் நிலத்தொடர்பு ஆகிவிடும் என்று கருதுவோர் இன்றும் இருக்கின்றனர். குழாயின் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக்காக மாற்றப்பட்டிருந்தால் அத்தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். அன்று குழாயடியில் குடத்துடன் நிற்கும் பெண்ணின் கைக்கே அம்மின்சாரம் போய்ச் சேரும்.

வேலை முடிந்தபின் வயர்மேன் சோதனைகள் செய்து, ‘ஜி’ படிவம், ‘எச்’ படிவம் எனப்படும் இரு சான்றுகளையும் முறைப்படி நிறைவு செய்து தருவது விதி. முன்னது மேற்பார்வையும் நிறைவும் பற்றியது. பின்னது சோதனை பற்றியது. அவை நிருவாகத்தின் கோப்பில் இருக்க வேண்டியவை. தொழிலாளர் பிரதிநிதிகள் அவற்றைக் கண்டோமா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். இ.எல்.சி.பி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதத்திற்கு ஒருமுறை அதனை அழுத்தினால், விசை ‘டக்’கென்று விழ வேண்டும். விழவில்லையெனில், அக்கருவி இருந்தும் இல்லாதது போன்றதே; உடனே ஆள் அழைக்க வேண்டும்.

எல்லாக் காப்பும் மீறி ஒருவரை மின்சாரம் தாக்கிவிட்டால், பதறி அவரைத் தொடாதீர்கள். தொட்டவரையும் அது பற்றிக்கொள்ளும். முதலில் விசையை நிறுத்துங்கள். விசை எட்டாவிடில், உலர்ந்த பலகையின் மீது நின்று, உலர்ந்த மரக்கோலால் கம்பியை விலக்குங்கள். ஈரக் கோலும் இரும்புக் கம்பும் உதவா. 999-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால், உதவி வரும்வரை மார்பை அழுத்தி உயிரூட்டும் முதலுதவியைத் தொடர வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் அம்முறையைக் கற்பிக்க ஏற்பாடு செய்யுமாறு கேளுங்கள். அரைநாளில் கற்றுக்கொள்ளக்கூடியது அது.

இறுதியாக, வேலை முடிந்து முதல் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பட்டறையின் உள்ளே சென்று, குழாய் நுழைந்திருக்கும் இடத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். பெட்டியைத் திறப்பது வயர்மேனின் வேலை. கண்ணால் பார்ப்பது நம் வேலை. குழாயைச் சுற்றிச் சுவரில் ஈரக்கறை படர்ந்திருந்தால், வெளிப்புறக் களிம்பு எங்கோ பிளந்திருக்கின்றது. உலர்ந்த நாளில் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். சுவர் உலர்ந்திருந்து, குழாயின் வாயிலிருந்தே நீர் கசிந்தால், துளையின் சரிவு தவறு, அல்லது வெளிப்பெட்டியில் நீர் புகுந்திருக்கின்றது. அப்போது களிம்பைத் தேடாதீர்கள். அவ்விணைப்பின் விசையை நிறுத்தி, எவரும் போடாதபடி எழுதித் தொங்கவிட்டு, வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.